அப்பளத்தில் விழுந்த சித்தரும் கள்ளில் விழுந்த சாமியும்

இரும்பை ராஜாவுக்கு மழை இல்லை. மழை இல்லாத ராஜாவுக்கு வரி இல்லை. வரி இல்லாத ராஜாவுக்குத் தூக்கம் இல்லை. மந்திரியைக் கூப்பிட்டு, "காரணம் வேண்டும்" என்றார். மழை கொண்டுவர முடியாத மந்திரிகளால் காரணம் கொண்டுவர முடியும், அன்றும் முடிந்தது. ஊருக்கு வெளியே அரச மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் கடுவெளிச் சித்தர்தான் காரணம், அவருடைய தவத்தின் சூட்டில் மேகம் கருகிப்போகிறது என்று அறிக்கை தயாரானது. உலகின் முதல் புவி வெப்பமாதல் அறிக்கை இதுவாக இருக்கலாம். குற்றவாளி ஒரே ஒருவர், அவரும் கோவணத்தோடு.

இரும்பை தெரியாதவர்களுக்கு: திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற பக்கம், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டிய ஊர். ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாடிவிட்டுப் போன தலம். இரும்பை மாகாளம் என்று தேவாரத்தில் பெயர். சாமி மாகாளேசுவரர், அம்மன் குயில்மொழி நாயகி. ஆனால் சுற்று வட்டாரத்தில் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பதிகத்தைவிட அதிகமாக ஓர் அப்பளம். ஊரில் சொல்லும் கதையை ஊரார் சொல்லும் வரிசையிலேயே சொல்கிறேன். வாய்த்துடுக்கு மட்டும் என்னுடையது.

சித்தர் சாமானியர் அல்ல. குயவனிடம் மாசக்கணக்கில் கெஞ்சி வாங்கிய பானையை ஆட்டம் போட்டே உடைத்த ஓர் ஆண்டியைப் பற்றிப் பாடி, ஆயிரம் பக்க வேதாந்தத்தை நாலு வரியில் முடித்தவர். அவரைச் சுற்றிப் புற்று வளர்ந்துவிட்டது. மரத்திலிருந்து உதிரும் பழுத்த இலைதான் ஆகாரம். அவர் தவத்தைக் கலைக்க அரண்மனையில் யாருக்கும் தைரியம் வரவில்லை. கண்ணைத் திறந்தால் முதலில் எரியப்போவது எதிரே நிற்பவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த புராணம்.

கோயிலில் ஆடும் வள்ளி முன்வந்தாள். இந்த மாதிரி வேலைக்கு ரம்பையோ ஊர்வசியோ போனால் வசந்த காலம், தென்றல், கரும்பு வில்லோடு ஒரு மன்மதன் என்று பெரிய பட்டாளமே கூடப் போகும். வள்ளி அப்பளம் கொண்டுபோனாள். அரச இலை மாதிரியே மெல்லிசாகத் தட்டி, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். முதலில் உப்பில்லாமல். சித்தர் இலை என்று நினைத்துத் தின்றார். பிறகு கொஞ்சம் உப்போடு. இந்த வருஷத்து இலை ஒரு மாதிரி நன்றாக இருக்கிறதே என்று நினைத்திருக்க வேண்டும், மரத்தை விசாரிக்கவில்லை. அடுத்தது கொஞ்சம் தாராளமான உப்பு. சித்தருக்குச் சதை பிடித்தது, புற்று விரிசல் விட்டது, ஒரு நாள் கண் திறந்தது. எதிரே வள்ளி. யாரும் எரியவில்லை. வயிறு நிறைந்தவனுக்கு நெற்றிக்கண் திறக்காது.

தவம் கலைந்தது, மழை கொட்டியது, ராஜா கோயிலில் விழா எடுத்தார். சாமி முன்னால் வள்ளி ஆடும்போது காற்சிலம்பு கழன்று விழுந்தது. ஆடுகிறவளிடம் ஆடவல்லானையே பார்த்துக்கொண்டிருந்த சித்தர், தாளம் தப்பக் கூடாதே என்று எழுந்துபோய்ச் சிலம்பை எடுத்துக் காலில் மாட்டிவிட்டார். சபை சிரித்தது. தவசி தாசி காலைத் தொட்டுவிட்டானாம். சித்தர் கொதித்துப் பாடினார். லிங்கம் மூன்றாகப் பிளந்தது. இந்த மண்ணில் புல்கூட முளைக்காது என்று சாபம். காலில் விழுந்த ராஜாவிடம், சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது, ஆனால் ஒரு காலத்தில் தூர தேசத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், அவர்கள் கையால் இந்த மண் மறுபடி பச்சையாகும் என்றார். பிளந்த லிங்கத்தைச் செப்புப் பட்டையால் சேர்த்துக் கட்டி இன்றும் பூஜை நடக்கிறது.

அங்கே ஒருவர் விழுந்தார்

இதே மாதிரி ஒரு வழக்கு பூமியின் மறுபக்கத்திலும் பதிவாகியிருக்கிறது. மெக்சிகோவில் துலா என்ற நகரம். அங்கே ஒரு குரு-ராஜா, பெயர் கெட்சல்கோவாட்ல். இறகு முளைத்த பாம்புச் சாமியின் பெயரையே தாங்கியவர். நோன்பு, ஜபம், நள்ளிரவுக் குளியல் என்று நம்ம சித்தருக்குச் சளைக்காத வாழ்க்கை. நரபலி வேண்டாம் என்றார். அதனால் பலி கொடுத்துப் பிழைத்த கூட்டத்துக்கு ஆகவில்லை. தெஸ்கட்லிபோக்கா என்ற போட்டிச் சாமி ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து முகத்தைக் காட்டினார். உள்ளே ஒரு கிழவன் தெரிந்தான். சாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு மருந்து என்று சொல்லி ஒரு கிண்ணம் நீட்டப்பட்டது.

உள்ளே இருந்தது புல்கே. கற்றாழைக் கள்.

"நோன்பில் இருக்கிறேன், வேண்டாம்" என்றார் குரு.

"விரல் நுனியில் தொட்டு நாக்கில் வையுங்கள் சாமி, போதும்."

விரல் நுனி ஒரு கிண்ணமாகி, கிண்ணம் ஐந்தாகியது. மறுநாள் தலைவலியோடு விழித்த குரு, தன் விரதமும் மானமும் போனதை உணர்ந்து, மாளிகையைக் கொளுத்திவிட்டுக் கிழக்குக் கடலை நோக்கி நடந்தார். திரும்பி வருவார் என்று ஊர் நம்பியதாகக் கதை.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். தவசியை வீழ்த்த அவரவர் ஊரில் எது நன்றாகத் தயாராகிறதோ அதைத்தான் அனுப்புகிறார்கள். மெக்சிகோவில் கள். தமிழ்நாட்டில் உப்பு போட்ட அப்பளம். நம்ம ஊரில் தியாகிகளைக் கெடுக்க இன்றுவரை ஒரு கல்யாணப் பந்தி போதும்.

இரண்டு கதையும் வெளியூர்க்காரன் வருகையில் முடிவது இன்னொரு ஒற்றுமை. 1519ல் ஹெர்னான் கோர்த்தேஸ் என்ற ஸ்பெயின்காரன் மெக்சிகோ கரையில் இறங்கினான். சாமிதான் திரும்பி வந்துவிட்டார் என்று மன்னர் மொக்தெசுமா நம்பி ஏமாந்தார் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். அந்த நம்பிக்கைக் கதையே ராஜ்யம் போய்ப் பல வருஷம் கழித்து எழுதிச் சேர்த்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். தீர்க்கதரிசனத்தின் சௌகரியமே அதுதான்: ஆள் வந்து உட்கார்ந்த பிறகு, இவர் வருவார் என்று முன்பே சொன்னோமே என்று எழுதிக்கொள்ளலாம்.

இரும்பைக்கு விருந்தாளிகள் 1968 பிப்ரவரி 28ல் வந்தார்கள். 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் போட்டு ஆரோவில் நகரம் தொடங்கியது அன்றுதான். அப்போது அந்த மேடு, மழை அரித்த செம்மண் ஓடைகளும் வெயிலும் மட்டுமாகக் கிடந்தது. வந்தவர்கள் வரப்பு கட்டினார்கள், மழைத் தண்ணீரைத் தடுத்தார்கள், மரம் நட்டார்கள். சித்தர் சொன்னது பலித்தது என்று ஊரும் ஒத்துக்கொண்டது, ஆரோவில்லும் ஒத்துக்கொண்டது. கோர்த்தேஸ் தங்கம் எங்கே என்று கேட்டான். இவர்கள் தண்ணீர் எங்கே என்று கேட்டார்கள். அந்த வரையில் இரும்பைக்கு யோகம். ஒரு சின்னத் திருத்தம்: ஆரம்பத்தில் அந்த மண்ணை மூடுவதற்கு அவர்கள் ஏராளமாக நட்டது ஆஸ்திரேலியாவின் அகேசியா. சாபம் தீர்க்க வந்த ஆளும் வெளியூர், அவர் நட்ட மரமும் வெளியூர்.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இரும்பையில் வெளியூர் சரக்கு இறங்குவது அது முதல் தடவை அல்ல. பழைய சரக்கெல்லாம் பாரம்பரியம் என்று பெயர் மாற்றிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

சம்பந்தருக்கு என்ன பரிமாறியிருப்பார்கள்?

ஏழாம் நூற்றாண்டில் பதிகம் பாட வந்த பிள்ளைக்கு இரும்பையில் விருந்து வைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இலையில் என்ன இருந்திருக்கும்? காரத்துக்கு மிளகு, திப்பிலி, இஞ்சி. மிளகாய் கிடையாது. ரசத்தில் தக்காளி கிடையாது. உருளைக்கிழங்கு, பரங்கிக்காய், நிலக்கடலை, முந்திரி கிடையாது. விருந்து முடிந்து நறுக்கிவைக்கக் கொய்யா, பப்பாளி, சீத்தாப்பழம், சப்போட்டா எதுவும் கிடையாது. இன்றைக்கு நம்ம வீட்டுச் சமையற்கட்டில் அவருக்கு அடையாளம் தெரிவது கத்தரிக்காய், எள், கறிவேப்பிலை, மஞ்சள், உளுந்து என்று ஒரு சிறு கூட்டம்தான். புளியாவது நம்மதே என்று மார் தட்டலாம் என்றால், புளிய மரத்துக்குத் தாய் மண் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவர நூல்காரர்கள். ரொம்ப முந்தி வந்து குடியேறியதால் ரேஷன் கார்டு கேட்காமல் விட்டுவிட்டோம்.

மிளகாய் மெக்சிகோ மண்ணில் ஆயிரக்கணக்கான வருஷமாகப் பயிரானது. கொலம்பஸ் 1492ல் மிளகைத் தேடிப் புறப்பட்டு, இந்தியா என்று நினைத்து வேறெங்கோ இறங்கி, மிளகாயைக் கண்டு, இதுவும் மிளகு என்று சாதித்தார். வழி தப்பியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் மிளகாய் நம்ம கரைக்கு வந்தது. மிளகு, கொடி படர மரமும் மலைச்சாரல் மழையும் வேண்டும் என்று அடம் பிடிக்கிற பயிர். மிளகாய், கொல்லைப்புறத்தில் சட்டி கழுவிய தண்ணீருக்கே காய்க்கும். ஏழையின் கையில் காரம் சேர்ந்தது அப்போதுதான். இன்று தமிழனிடம் போய் மிளகாய் மெக்சிகோ சாமான் என்று சொன்னால், கோபத்தில் முகம் மிளகாயாகவே சிவக்கும்.

ஸ்பெயின்காரர்கள் 1565 முதல் 1815 வரை இருநூற்றைம்பது வருஷம் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே கப்பல் ஓட்டினார்கள். அங்கிருந்து வெள்ளி வந்தது, இங்கிருந்து பட்டும் மசாலாவும் போனது. மூட்டை இடுக்கில் விதைகளும் பயணம் செய்தன. திண்டிவனம் வட்டாரத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்கிறார்கள். மணிலாக்கொட்டை தேய்ந்து வந்த பெயர். தென் அமெரிக்காவில் பிறந்து, மணிலா பெயரோடு இறங்கி, விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை மூட்டையாக ஏலம் போகிறது. இதற்குமேல் உள்ளூர் ஆவது எப்படி?

வந்ததெல்லாம் நல்ல விருந்தாளி என்றும் சொல்வதற்கில்லை. வேலிகாத்தான் என்று நாம் கூப்பிடும் சீமைக்கருவேலம், மெக்சிகோ, கரீபியன் பக்கத்து மரம். 1870களில் விறகுக்காக வெள்ளைக்காரர் சென்னை மாகாணத்தில் இறக்கினார்கள். வேலியைக் காக்க வந்தது, வயலையும் ஏரியையும் சேர்த்துக் காக்கத் தொடங்கிவிட்டது. சில விருந்தாளிகள் பாரம்பரியம் ஆவதில்லை; பட்டாவே கேட்கிறார்கள்.

ஆரோவில் தொடங்கிய 1968ல் டெல்லியில் மெக்சிகோ தூதராக இருந்தவர் கவிஞர் ஆக்டேவியோ பாஸ், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். அவர் நம்ம குழம்பை ருசித்துவிட்டு, இது எங்கள் ஊர் மோலே மாதிரி இருக்கிறதே என்று யோசித்திருக்கிறார். மோலே என்பது புவெப்லா நகரத்துக் கன்னியாஸ்திரி மடத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் குழம்பு. வறுத்த மிளகாய், தக்காளி, நிலக்கடலை இவற்றோடு எள், பட்டை, கிராம்பு, மிளகு எல்லாம் சேர்த்து அரைத்து வான்கோழிக்கு ஊற்றுவார்கள். நம்ம ஊர் மிளகை அவர்கள் மிளகாயோடு சேர்த்தார்கள். அவர்கள் மிளகாயை நாம் மிளகோடு சேர்த்தோம். சம்பந்திகள் இரு வீட்டிலும் ஒரே குழம்பு கொதிக்கிறது, சாக்லேட் ஒன்றுதான் வித்தியாசம். அதைச் சேர்த்தால் நம்ம வீட்டில் விவாகரத்து ஆகிவிடும்.

கள்ளுக்கு வந்த கண்டம்

இத்தனையும் வந்ததே, கற்றாழை வரவில்லையா? வந்தது. ஆனைக்கற்றாழை, ரயில் கற்றாழை என்று நாம் சொல்வது அதே மெக்சிகோ கற்றாழைதான். மெக்சிகோவில் அது சாமி. மாயாவேல் என்று பெயர், நானூறு முலைகள் கொண்ட தாய். அவள் பெற்ற நானூறு முயல்களும் போதையின் நானூறு ரகங்கள். ஒருவன் குடித்துவிட்டு அழுதால் ஒரு முயல், சண்டை போட்டால் வேறு முயல், தத்துவம் பேசினால் மூன்றாவது முயல். நம்ம ஊர் பாரில் ஒரு மேஜையிலேயே முப்பது முயல் எண்ணலாம்.

அப்பேர்ப்பட்ட தெய்வத்தை நாம் கொண்டுவந்து ரயில் பாதை ஓரத்தில் மாடு ஏறாமல் பார்த்துக்கொள் என்று நிறுத்திவிட்டோம். மீதி நேரத்தில் நார் உரித்துக் கயிறு திரித்தோம். ஒரு சொட்டு குடித்துப் பார்க்கவில்லை. காரணம் ஒழுக்கம் அல்ல. தலைக்கு மேலே பனை நின்றுகொண்டிருந்தது.

புல்கே இறக்குவதும் கள் இறக்குவதும் ஒரே தொழில். அங்கே கற்றாழையின் குருத்தைக் குடைந்து குழியாக்கி, ஊறும் தேன்தண்ணீரை நீளச் சுரைக்குடுக்கையால் உறிஞ்சி எடுப்பார்கள். இங்கே பனையேறி பாளையை இடுக்கியால் நசுக்கி, அரிவாளால் சீவி, கலயம் கட்டுவார். இரண்டும் வெள்ளை, இரண்டும் புளிப்பு, இரண்டும் நேற்றுடையது இன்றைக்கு ஆகாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீர், தடவாவிட்டால் கள். மெக்சிகோக்காரர் அதே சுண்ணாம்பைச் சோளத்துக்குப் போட்டார்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் மக்காச்சோளத்தை வேகவைத்தால் தோல் கழன்று, மாவு ஒட்டும் பதத்துக்கு வந்து, தோர்த்தியா ரொட்டி தட்ட வருகிறது. சோளத்தில் அடைபட்டுக் கிடக்கும் சத்தும் உடம்பில் ஒட்டுகிறது. அவர்களுக்குச் சுண்ணாம்பு சாப்பாட்டை உண்டாக்கியது. நமக்கு அது குடியைக் கெடுத்தது. வெற்றிலைக்கும் அதையே தடவிக்கொண்டோம் என்பதால் மன்னித்துவிடலாம்.

பெரிய கூத்து இனிமேல்தான். கற்றாழையைக் காய்ச்சி வடித்தால் மெஸ்கால்; அதிலேயே நீலக் கற்றாழை ரகத்தில் காய்ச்சினால் டெக்கிலா. இந்தக் காய்ச்சும் வித்தையை மெக்சிகோவுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்கள், மணிலாக் கப்பலில் போன பிலிப்பைன்ஸ் தென்னைக் கள்காரர்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். மேற்குக் கரையில் கொலிமா என்ற இடத்தில் இறங்கி, தென்னையில் ஏறி, கள் இறக்கி, வாலை வைத்துக் காய்ச்சினார்கள். 1619ல் செபஸ்தியான் தெ பினேதா என்ற கப்பல் தலைவர் ஸ்பெயின் ராஜாவுக்கு மனு எழுதினார்: இந்தப் பிலிப்பைன்ஸ் ஆட்கள் இங்கே வந்து தென்னஞ்சாராயம் காய்ச்சுகிறார்கள், உள்ளூர் மக்கள் இதையே குடிக்கிறார்கள், நம் ஸ்பெயின் ஒயினை இனி யார் வாங்குவார் என்று. கள்ளுக்கடைக்கு எதிராக உலகில் எழுதப்பட்ட மனுக்களில் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லாத நேர்மையான மனு இது. சீமைச் சரக்கு விற்க வேண்டும், நாட்டுச் சரக்கை நிறுத்து; முடிந்தது விஷயம். கொலிமாவில் இன்றும் தெருவில் தென்னங்கள் விற்கிறார்கள், மேலே நிலக்கடலை தூவி. தொட்டுக்கொள்வதைக் கிளாசுக்குள்ளேயே போட்டுவிடும் நாகரிகம் நமக்கு இன்னும் வரவில்லை.

குடிக்குச் சட்டம் போடுவதிலும் இரண்டு ஊரும் ஒரே பள்ளிக்கூடம். மெக்சிகோவின் பழைய அஸ்டெக் ராஜ்யத்தில் இளவட்டம் குடித்துவிட்டுத் தள்ளாடினால் மரண தண்டனை வரை உண்டு. எழுபது வயது தாண்டிய கிழவனும் கிழவியும் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று படம் போட்டே காட்டுகிறது பதினாறாம் நூற்றாண்டின் மெண்டோசா ஏடு. பெர்மிட் முறை அங்கேதான் பிறந்திருக்க வேண்டும். இங்கே ராஜாஜி 1937ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948ல் மாகாணம் முழுவதும் வறண்டது. இரும்பைக்காரருக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. கூப்பிடு தூரத்தில் புதுச்சேரி, அங்கே பிரெஞ்சுக்காரன் ராஜ்யம். பிரெஞ்சுக்காரனிடம் போய் மதுவிலக்கு என்று சொன்னால் அவனுக்கு வாக்கியமே புரியாது.

1971ல் தடை நீங்கியது. 1974ல் மறுபடி வந்தது. அதே 1974ல் மெக்சிகோ அரசு, டெக்கிலா என்ற பெயர் எங்கள் நாட்டுச் சொத்து, வேறு யாரும் அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று அறிவித்தது. ஒரே வருஷத்தில் ஒரு நாடு தன் நாட்டுச் சரக்குக்குப் பட்டம் கட்டியது, ஒரு மாநிலம் தன் நாட்டுச் சரக்குக்குப் பூட்டுப் போட்டது. 1981ல் பூட்டு திறந்தது. 1983ல் டாஸ்மாக் பிறந்தது. 1987ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. பனை மாநில மரம், பதநீர் பாரம்பரியம், பனங்கிழங்கு பொங்கல் சீர், ஆனால் அதே மரத்தின் கள் குற்றம். ஸ்பெயின் கப்பல் தலைவர் இருந்தால் கண்ணீர் மல்க நம்மை வாழ்த்தியிருப்பார். மெக்சிகோவில் புல்கே கடைகளைச் சாய்க்க ஒரு வதந்தியே போதுமானதாக இருந்தது. அசிங்கமான ஏதோ ஒன்றைத் துணியில் முடிந்து உள்ளே போட்டுத்தான் புளிக்க வைக்கிறார்கள் என்று இருபதாம் நூற்றாண்டில் கிளம்பிய பேச்சு. பீர்க் கம்பெனிகளுக்கு அதில் ஒரு சங்கடமும் ஏற்படவில்லை.

கற்றாழையின் விதியும் கடைசியில் மாறியது. 2011ல் டெஸ்மண்ட் நாசரேத் என்பவர், ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், தக்காணத்தில் தானாக வளரும் கற்றாழையைக் காய்ச்சி வடித்து, கோவாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். டெக்கிலா என்று பெயர் வைக்க முடியாது, 1974 குறுக்கே நிற்கிறது. ஆகவே தன் பெயரோடு ஒரு 'ஜி' சேர்த்து டெஸ்மண்ட்ஜி என்று வைத்தார். மரியாதை கொடுத்தால்தான் இந்தியாவில் எதுவும் நிற்கும்.

நாம் கற்றாழையை வேலியில் நிறுத்தினோம் என்று சொன்னேன். முழு உண்மை அதைவிட ரசமானது. சாமிக்கும் மாப்பிள்ளைக்கும் போடுகிறோமே சம்பங்கி மாலை, அந்த நிலச்சம்பங்கியும் மெக்சிகோவில் பிறந்தது. தாவர நூல்காரர்கள் இப்போது அதைக் கற்றாழைப் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். டெக்கிலாவின் பங்காளி கர்ப்பகிரகத்தில், மூலவரின் கழுத்தில். கோயில் நந்தவனத்திலும் கல்யாண மண்டபத்திலும் மணக்க மணக்க இருக்கிறது, யாரும் ஊதச் சொல்லிச் சோதிக்கவில்லை.

செத்தவர்களுக்கு விருந்து

மெக்சிகோ என்றதும் உலகம் நினைப்பது மண்டையோட்டுத் திருவிழா. நவம்பர் 1, 2 தேதிகளில் செத்தவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வழி தெரிய வேண்டுமே என்று வாசலிலிருந்து செண்டுமல்லிப் பூவைத் தூவி, உள்ளே மேடை கட்டி, அவர்களுக்குப் பிடித்த பதார்த்தம், பிடித்த சிகரெட், பிடித்த மெஸ்கால் புட்டி எல்லாம் வைப்பார்கள். யுனெஸ்கோ 2008ல் இதைத் தன் பட்டியலில் ஏற்றியது. 2010ல் மெக்சிகோ பாரம்பரியச் சமையலையும் ஏற்றியது.

விழுப்புரத்துக்காரருக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? செத்துப்போன தாத்தாவுக்குப் படையல் போடும்போது கருவாட்டுக் குழம்பு, சுருட்டு, ஒரு குவார்ட்டர் என்று வரிசையாக வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கும் வழக்கம் நமக்கும் உண்டு. உயிரோடு இருக்கும்போது குடிக்காதே என்று திட்டிய பாட்டியே, செத்த பிறகு மூடியைத் திறந்து வைக்கிறாள். நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாளுக்குப் புதுச்சேரியிலும் திண்டிவனத்திலும் கிறிஸ்தவர்கள் கல்லறையைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, மேலே தூவுவதும் செண்டுமல்லிதான். அந்தப் பூவும் மெக்சிகோவிலிருந்து வந்ததே. திருவிழா ரோம் வழியாக வந்தது, பூ மணிலா வழியாகவோ லிஸ்பன் வழியாகவோ வந்தது, இரண்டும் நம்ம ஊர்க் கல்லறையில் சந்தித்துக்கொண்டன.

மண்டையோடும் வேண்டுமா? மேல்மலையனூருக்கு வாருங்கள், இதே விழுப்புரம் மாவட்டம்தான். மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. பிரம்மாவின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளியெடுத்தார். கபாலம் கையை விட்டு இறங்கவில்லை. பிச்சை எது விழுந்தாலும் கபாலமே தின்றுவிடுகிறது, சிவனுக்குப் பட்டினி. சாபத்துக்கு அஞ்சாத கபாலம் சாப்பாட்டுக்கு அசைந்தது. மயானத்தில் சோற்றை வாரி இறைத்தார்கள். ருசி கண்ட கபாலம் கையிலிருந்து கீழே இறங்கியது. அங்காளம்மன் காலால் மிதித்தாள். இரும்பையில் அப்பளம், மலையனூரில் சோறு. இந்த மாவட்டத்தில் எந்தப் பிரச்சினையையும் சமைத்தே தீர்த்திருக்கிறார்கள். இன்றும் காளி வேஷம் கட்டி மயானத்துக்குப் போய், தானியமும் காய்கறியும் சுண்டலும் காசும் சூறை விடுகிறார்கள். பிடித்தவர்கள் கொண்டுபோய் வயலில் போடுகிறார்கள்.

மெக்சிகோ நகரத்தில் அந்த மண்டையோட்டுத் திருவிழாவுக்கென்று பிரமாண்டமான ஊர்வலம் ஒன்று நடக்கிறது. சுற்றுலாப் பயணிகள், ஆகா எத்தனை நூற்றாண்டுப் பாரம்பரியம் என்று படம் எடுக்கிறார்கள். அது 2015ல் வந்த ஸ்பெக்டர் என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக ஜோடித்த ஊர்வலம். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஊர்வலம் எங்கே என்று கேட்பார்களே என்று, 2016ல் நிஜமாகவே தொடங்கினார்கள். பாரம்பரியத்துக்கு வயது அவ்வளவுதான். ஆனால் இப்போது நிறுத்திப் பாருங்கள், முன்னோர் மனம் புண்படும் என்று வழக்குப் போடுவார்கள்.

இன்னொரு மெக்சிகோ விழா சிங்கோ தெ மாயோ. 1862 மே 5ல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையை மெக்சிகோ அடித்த நாள். மறு வருஷமே பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து அதே ஊரைப் பிடித்தார்கள் என்பதை விழாவில் யாரும் பேசுவதில்லை. இன்று அதை மெக்சிகோவைவிட அதிகமாக அமெரிக்கர்கள்தான் கொண்டாடுகிறார்கள். பிரெஞ்சுக்காரன் தோற்ற இடம் என்றால் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் வந்தவாசியே இருக்கிறது. 1760 ஜனவரி 22, புவெப்லாவுக்கு ஒரு நூற்றாண்டு முந்தி. ஆனால் அடித்தவனும் வெள்ளைக்காரன், அடிபட்டவனும் வெள்ளைக்காரன், மிதிபட்டது மட்டும் நம்ம வயல். அதற்கு யார் லீவு விடுவார்? வந்தவாசி புத்திசாலித்தனமாகக் கோரைப்பாய் நெய்யப் போய்விட்டது. நல்ல பாய் இருந்தால் வரலாறு ஓரமாகத் தூங்கலாம்.

இப்போது புதுச்சேரிப் பக்கம் ஓட்டல்களில் தாக்கோ வருகிறது, மெனு கார்டில் வெளிநாட்டு உணவு என்ற தலைப்பில். வீட்டுப் பெரியவர், "நமக்கெல்லாம் இது ஒத்துக்காதுப்பா" என்று தட்டை நகர்த்திவிட்டு, தக்காளிச் சட்னி, வேர்க்கடலைச் சட்னி, மிளகாய்ப் பொடி மூன்றையும் வரவழைக்கிறார். அவர் கேட்டதில் மிளகாயும் தக்காளியும் மெக்சிகோ, கடலை அதற்குப் பக்கத்துக் கண்டம். அவர் நகர்த்தியதும் அதே ஊர். இரண்டுக்கும் இடையில் ஐந்நூறு வருஷ வாசம் ஒன்றுதான் வித்தியாசம்.

ஆத்திரத்தில் யாராவது கணக்குத் தீர்க்கக் கிளம்பினால் என்ன ஆகும்? அவர்கள் மிளகாய், தக்காளி, பரங்கி, பப்பாளி, சப்போட்டா, செண்டுமல்லி, சம்பங்கி எல்லாவற்றையும் திருப்பிக் கேட்பார்கள். நாமும் விடுவோமா? மிளகு, எள்ளு, மணிலாக் கப்பலில் போன மாம்பழம், நம்ம வழியாகப் போன புளி எல்லாவற்றையும் எடுத்து வை என்போம். மெக்சிகோவில் புளியில் மிளகாயைப் புரட்டிக் குழந்தைகளுக்கு மிட்டாயாக விற்கிறார்கள். அதைப் பிரித்துக் கொடுக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. கணக்கு நேராகிற அன்று இரண்டு ஊரிலும் அடுப்பு எரியாது, இரண்டு ஊர்ச் சாமிக்கும் மாலை கிடைக்காது, தாத்தாவுக்குப் படையல் வைக்கக் குழம்பும் இருக்காது. ஆகவே பாக்கி பாக்கியாகவே இருக்கட்டும். வட்டிக்கு அவர்கள் ஒரு கிளாஸ் மெஸ்கால் ஊற்றினால் மறுக்க வேண்டாம். பதிலுக்கு ஒரு கலயம் கள் ஊற்ற மட்டும் புதுச்சேரி எல்லையைத் தாண்டிக் கூட்டிப்போக வேண்டும்.